ஆறுமணிக் குருவியும் கண்ணாடிச் சாளரமும்

(பகவான் மகாவீரர் நிர்வாணத் திருநாள் விழாவில் ஆற்றப்பட்ட உரை)



பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய விடியற்பொழுதை விளக்கேற்றி நினைவுகூரும் நன்னாள் இது. ஜினாலயங்களிலும் இல்லங்களிலும் அகல்விளக்குகள் வரிசையாக ஒளிர்கின்றன. ஐப்பசி அமாவாசையை ஒட்டிய இருளில் அவ்வொளிக்குத் தனி அழகு உண்டு. அதே ஐப்பசி இருளில், அதே வானின் வழியே, வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒரு பெருங்கூட்டம் ஊரார் அறியாமல் பறந்து வந்துகொண்டிருக்கிறது. வலசை வரும் சிறு பறவைகளின் கூட்டம் அது. இன்றைய உரை அக்கூட்டத்தில் ஒரு குருவியைப் பற்றியது.

ஒரு காட்சியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய மாடி வீடு. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுக் குடியேறிய நயினார் குடும்பம். வீட்டின் முகப்பில் தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. எதிரே நிற்கும் வேப்பமரம் அதில் அப்படியே தெரிகிறது. விடியற்காலை ஐந்தே முக்கால். மூதாட்டி வழிபாட்டுக்கு மலர் பறித்துக்கொண்டிருக்கிறார். 'பொத்'தென்று ஓர் ஓசை. பேரன் ஓடிச் சென்று பார்க்கிறான்.

"ஆயா, கிளி ஒண்ணு செத்துக் கிடக்குது!"

"செத்துப்போச்சுன்னு சொல்லாதேடா கண்ணு. மூச்சு இருக்குது பாரு."

மூதாட்டி அதனை முந்தானையில் ஏந்துகிறார். கிளியன்று. பச்சை முதுகு, நீலச் சிறகு, சிவந்த அடிவயிறு. வாலோ இருக்கிறதா இல்லையா என ஐயுறும் அளவுக்குக் குட்டை. கண் பாதி மூடியிருக்கிறது. சிறுவன் கண்ணாடியை அண்ணாந்து பார்க்கிறான். அதில் ஒரு சிறு இறகு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"நாம யாரும் இத அடிக்கல. நம்ம வீடுதான் அடிச்சிருக்குது. அப்ப இந்தப் பாவம் யாருக்கு ஆயா?"

மூதாட்டியிடம் விடை இல்லை. எறும்பு ஏறிய அரிசியை வெயிலில் உலர்த்தாமல் நிழலில் வைத்து, எறும்பு தானே விலகும்வரை காத்திருந்து பழகியவர் அவர். தண்ணீரை வடிகட்டாமல் ஒரு குவளையும் பருகாதவர். அவருக்கே விடை தெரியாத கேள்வி அது.

அந்த வீடும் மூதாட்டியும் சிறுவனும் கற்பனை. குருவியும் கண்ணாடியும் மெய். புரட்டாசிப் பிற்பகுதியிலும் ஐப்பசியிலும் சென்னை முதலிய தமிழக ஊர்களில் இக்குருவி வீடுகளுக்குள் தடுமாறிப் புகுவதும், சாளரத்தில் மோதி விழுவதும், களைத்துப்போய்த் தரையில் கிடப்பதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. சிறுவனின் கேள்விக்கு விடை தேடுமுன் குருவியை அறிந்துகொள்வது முறை.

தமிழில் இதற்குப் பெயர்கள் பல. தோட்டக்கள்ளன் என்பது ஒன்று; பொன்னுத்தொட்டான் என்பது மற்றொன்று. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் தவறாமல் குரல் கொடுப்பதால் ஆறுமணிக் குருவி என்பது இன்னொன்று. இந்தியில் இதனை 'நவரங்' என்பர், ஒன்பது நிறம் கொண்டது என்னும் பொருளில். ஆங்கிலேயர் வழங்கும் 'பிட்டா' என்னும் பெயர் அவர்களுடையதன்று. தெலுங்கில் சிறு பறவையைக் குறிக்கும் சொல் அது. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. எடை ஐம்பது, அறுபது கிராம். கண்ணின் குறுக்கே மை தீட்டியதுபோல் கரும்பட்டை, அதன்மேல் வெண்புருவம், சந்தன நிற மார்பு, குங்குமச் சிவப்பில் அடிவயிறு. இத்தனை நிறம் இருந்தும் எளிதில் கண்ணிற் படாது. புதரடியில் உதிர்ந்து கிடக்கும் சருகைக் கிளறிப் பூச்சியும் புழுவும் தேடி, தரையிலேயே தத்தித் தத்தித் திரியும். விலங்கியலார் 'பாடும் பறவைகள்' எனத் தனியே வகுத்த கிளையில் இதனைச் சேர்ப்பதில்லை. அது அவர்கள் கணக்கு. மாலை மங்கும் நேரத்தில் இதன் இரண்டு சுரச் சீழ்க்கையைக் கேட்ட எவரும் இதனைப் பாடாத பறவை என்று சொல்லார்.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இது கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிறது. மழை ஓய்ந்து அங்கே குளிர் தொடங்குமுன் தெற்கே புறப்படுகிறது. தமிழகமும் கேரளமும் இலங்கையும் இதன் பனிக்காலத் தாயகங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் மீண்டும் வடக்கே செல்கிறது. தரையில் தத்தித் திரியும் குட்டைவால் குருவி ஆண்டுக்கு இருமுறை நாட்டையே குறுக்காகக் கடக்கிறது, அதுவும் இரவில். வலசை என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. சத்திமுத்தப் புலவர் தம் வறுமையைத் தம் மனைவிக்குச் சொல்லித் தூது அனுப்பத் தேர்ந்துகொண்டது, குமரித்துறைவரை வந்து வடக்கே திரும்பும் நாரையைத்தானே! நாரை பகலில், வெயில் ஏறியபின், அகன்ற சிறகை விரித்து மிதந்து செல்லும். ஊரே அண்ணாந்து பார்க்கும். சிறு பறவைகளுக்கு அந்த வசதி இல்லை. பகலில் பருந்தும் வல்லூறும் உண்டு, வெப்பமும் உண்டு. எனவே அவற்றுள் பெரும்பாலானவை இரவின் குளிர்ச்சியில் பறந்து, பகலில் ஏதேனும் ஒரு தோப்பில் இறங்கி இரைதேடி, மறுபடி இரவில் கிளம்புகின்றன. ஆறுமணிக் குருவியோடு அரசவால் ஈப்பிடிப்பானும் செந்தலைப் பூங்குருவியும் வருகின்றன. தமிழ்ப் பெயர் இன்னும் பரவாத கதிர்க்குருவிகள் சிலவும் உடன் வருகின்றன.

இருட்டில் வழி காண்பது எப்படி? 1960களில் அமெரிக்கரான ஸ்டீபன் எம்லென் இரவில் வலசை போகும் ஒருவகை நீலக்குருவியைக் கோளரங்கத்துக்குள் வைத்து ஆராய்ந்தார். செயற்கை வானில் விண்மீன்களைத் திருப்பி வைத்தபோது குருவிகளும் அதற்கேற்பத் தாம் செல்ல விழையும் திசையை மாற்றிக்கொண்டன. எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு வானம் சுழல்கிறதோ அப்புள்ளியைக் குஞ்சுப் பருவத்திலேயே கண்டு மனத்தில் பதித்துக்கொள்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. பூமியின் காந்தப்புலமும் அவற்றுக்குத் துணை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் உயிரின் தலைக்குள் வானநூல் அறிவு இருக்கிறது. ஐம்புலனும் மனமும் உடைய உயிர் எனப் பறவையைச் சமண நூல்கள் வகுத்தது எத்துணைப் பொருத்தம்!

அந்த வானநூலறிவைக் குலைப்பவை இரண்டு. ஒன்று ஒளி, மற்றொன்று கண்ணாடி.

மேகம் மூடி விண்மீன் மறைந்த இரவில், குறிப்பாக நிலவில்லா நாளில், பறவை தாழப் பறக்கிறது. அப்போது கீழே தெரியும் மின்விளக்குப் பேரொளி அதனை ஈர்க்கிறது. ஒளிக்குள் புகுந்த பறவைக்கு வெளியே சூழ்ந்த இருள் சுவர்போல் ஆகிவிடுகிறது. அதிலிருந்து வெளியேறத் துணியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பறந்து, கட்டடத்தில் மோதுகிறது, அல்லது வலுவிழந்து இறங்குகிறது. அசாம் மாநிலத்தின் ஜதிங்கா என்னும் மலைச் சிற்றூர் இதற்கு உலகறிந்த சான்று. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை, பனிமூட்டமும் காற்றும் மிக்க நிலவற்ற இரவுகளில், அவ்வூரின் விளக்கொளியை நோக்கிப் பறவைகள் வந்து விழும். 1960களில் தேயிலைத் தோட்ட அதிகாரியும் இயற்கையாளருமான இ. பி. ஜீ அதனை உலகுக்கு எடுத்துச் சொன்னார். பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் அங்குச் சென்று பார்த்தார். பறவைகள் தற்கொலை செய்துகொள்ளும் ஊர் என்று இதழ்கள் அதற்குப் பட்டம் சூட்டின. தற்கொலை ஏதும் இல்லை. ஒளியில் திகைத்து இறங்கிய பறவைகளை ஊரார் மூங்கிற்கழியால் அடித்தனர், அவ்வளவே. பழி பறவையின்மேல் விழுந்தது!

இரண்டாவது கண்ணாடி. இது இரவோடு முடிவதில்லை. விடிந்தபின் இரைதேடப் பறக்கையில்தான் மிகுதி. கண்ணாடியைப் பறவை காண்பதில்லை. அது காண்பது கண்ணாடியில் தெரியும் வேப்பமரத்தை. அல்லது அதன் ஊடே தெரியும் அப்புறத்து வானத்தை. சில வீடுகளில் கூடத்தில் வைத்த தொட்டிச் செடியை. மரத்தை நோக்கிப் பறப்பது பறவையின் இயல்பு. வேகம் குறையாமல் வந்து மோதுகிறது. மனிதரும் இதற்கு விலக்கல்லர். பெரிய கடைகளின் கண்ணாடிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டவர் இந்த அவையிலும் இருப்பர். அவர்கள் இடித்துக்கொள்ளாதிருக்கத்தான் 'தள்ளு', 'இழு' என்று எழுதி ஒட்டுகிறார்கள். பறவைக்கு எழுதி ஒட்டுவார் இல்லை.

இந்த ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்டவர் அமெரிக்கப் பேராசிரியர் டேனியல் கிளெம். 1970களில் தொடங்கிய அவருடைய ஆய்வின்படி, கண்ணாடியில் மோதும் பறவைகளில் ஏறக்குறையப் பாதி இறந்துவிடுகின்றன. சிறிது நேரம் கழித்து எழுந்து பறந்தவை பிழைத்தன என்று கொள்வதற்கில்லை. தலைக்குள் குருதி கசிந்து எங்கோ புதரில் விழுந்து மடிவன பல. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதி இறக்கின்றன என 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகிறது. வேங்கிக்கால் வாசிகள் கருத வேண்டியது அந்தக் கோடிக் கணக்கைவிட அதே மதிப்பீட்டின் உள்விவரத்தை. வானளாவிய கட்டடங்களின் பங்கு அதில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கு 44 பங்கு ஓரிரண்டு மாடி வீடுகளாலும், எஞ்சியதில் ஏறத்தாழ முழுவதும் நடுத்தர உயரக் கட்டடங்களாலும் நேர்வன. உயரக் கட்டடம் ஒவ்வொன்றும் மிகுதியாகக் கொல்கிறது என்பது மெய். ஆனால் வீடுகள் எண்ணற்றவை. ஆகவே இது நியூயார்க்கின் சிக்கல், மும்பையின் சிக்கல் என்று ஒதுக்கிவிட இயலாது. மாடிவீடு உள்ள ஊர் எல்லாம் இதற்குள் அடங்கும்.

சிகாகோ நகரில் ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்னும் பெருங்கூடம் இருக்கிறது. அங்கே 1978 முதல் டேவிட் வில்லார்டு என்னும் அருங்காட்சியக அறிஞர் வைகறைதோறும் சென்று, கீழே இறந்து கிடக்கும் பறவைகளைப் பொறுக்கிக் கணக்கெழுதி வந்தார். 2023 அக்டோபர் 5 அன்று காலை அவரும் தோழர்களும் ஏறத்தாழ ஆயிரம் பறவைகளைக் கண்டனர். ஒரே கட்டடம், ஒரே இரவு. அடுத்த ஆண்டில் அக்கூடத்தின் கண்ணாடி முழுவதும் சிறு சிறு புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டப்பட்டது. 2024 இலையுதிர் காலத்தில் அங்கே இறப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவுக்குக் குறைந்தது. கண்ணாடியை உடைக்கவில்லை, கூடத்தை மூடவில்லை. புள்ளி வைத்தார்கள். தமிழர் வாழும் சிங்கப்பூரிலும் வலசைக் காலத்தில் கட்டடங்களில் மோதி விழும் பறவைகளுள் முன்னிற்பவை ஆறுமணிக் குருவியின் நெருங்கிய உறவுகளே: நீலச்சிறகுப் பிட்டாவும், தலையில் முக்காடிட்டாற்போன்ற இன்னொரு பிட்டாவும். தரையில் திரியும் பறவை, தாழப் பறக்கும் பறவை, இரவில் வலசை வரும் பறவை என மூன்றுமாக இருப்பது அவ்வினத்துக்கே கேடாய் முடிந்திருக்கிறது.

இனி வேங்கிக்கால். முப்பது நாற்பது ஆண்டுகளுக்குமுன் இவ்வூரைக் கண்டவர்க்கு அன்றைய வீடு நினைவிருக்கும். ஓட்டுக்கூரை, திண்ணை, மரக்கதவு போட்ட சிறு சாளரம், குறுக்கே இரும்புக்கம்பி. அந்தச் சாளரத்தில் எந்தக் குருவியும் மோதியிராது. ஏரிக்கு அப்பால் வயலும் பனையும். பிறகு ஆட்சியர் அலுவலகம் இங்கு அமைந்தது. வேலூர்ச் சாலையின் இருமருங்கும் வணிகக் கட்டடங்கள் எழுந்தன. கிரிவலம் வருவோர் பெருகப் பெருகத் தங்கும் விடுதிகளும் பெருகின. இன்று முகப்பெல்லாம் கண்ணாடி. வெளியே நீலமும் வெள்ளியுமாய்ப் பளபளக்கும் அக்கண்ணாடி, வெயிலை உள்ளே வாங்கிக்கொண்டு பின்னர் அதனைத் தணிக்கக் குளிர்சாதனத்தை வேண்டுகிறது. இந்த வெப்பநாட்டுக்கு அது எவ்வகையில் பொருந்தும் என்பது தனியே ஓர் உரைக்குரிய பொருள், விட்டுவிடலாம்.

அதே காலத்தில் மலையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஒருகாலத்தில் புல்லும் பாறையுமாய், கோடைதோறும் தீப்பற்றி எரிந்து கிடந்த அண்ணாமலைச் சரிவில், 1980களின் இறுதியிலிருந்து தொண்டர்களும் வனத்துறையினரும் பல்லாண்டு மரம் நட்டனர். தீத்தடுப்புக் கோடு வெட்டினர். நீர் சுமந்து ஊற்றினர். இன்று அச்சரிவுகளில் நிழலும் புதரும் சருகும் உண்டு. சருகு உள்ள இடம் ஆறுமணிக் குருவிக்கு உணவுள்ள இடம். இவ்வாறு மலை ஒருபுறம் பறவையை அழைக்கிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் விளக்குகளும், அதனை ஒட்டி வளர்ந்த ஊர்களின் கண்ணாடி முகப்புகளும் மறுபுறம் அதனை வழிமறிக்கின்றன. நூற்றுக்கணக்கான காதம் பறந்து வந்த உயிர், சேரவேண்டிய மரநிழலுக்கு ஒன்றிரண்டு கல் தொலைவில் ஒரு வீட்டு முகப்பில் விழுகிறது.

சிறுவனின் கேள்விக்கு இப்போது வரலாம். யாரும் அடிக்கவில்லை; வீடு அடித்தது; பாவம் யாருக்கு?

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையைச் சமண ஆசிரியர்கள் நான்காகப் பகுத்தனர். கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல், வீடு கட்டுதல் போன்ற இல்லத்துச் செயல்களால் நேர்வது ஆரம்பி. தொழிலால் நேர்வது உத்தியோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தான் முற்றும் விட வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். கண்ணாடியில் மோதிய குருவியின் சாவு சங்கல்பி இல்லை என்பது தெளிவு. ஆரம்பியில் அடங்கும் என்று சொல்லி அமைதி அடைந்துவிடலாமா? அங்கேதான் குந்தகுந்த ஆசாரியர் குறுக்கே நிற்கிறார். இம்மாவட்டத்துப் பொன்னூர் மலையில் தவமிருந்தவர் எனத் தமிழ்ச் சமணர் போற்றும் அப்பெருமான், பிரவசனசாரத்தில் கூறும் கருத்து கடுமையானது. உயிர் செத்தாலும் பிழைத்தாலும், கவனமின்றி ஒழுகுபவனுக்கு இம்சை உறுதி. கவனத்தோடு ஒழுகுபவனை, தற்செயலாய் நேர்ந்த கேடு மட்டும் பிணிப்பதில்லை என்பது அது. அளவுகோல் உயிரின் சாவில் இல்லை; மனிதனின் விழிப்பில் இருக்கிறது. கண்ணாடி கொல்லும் என்பதை அறியாத நாளில் அவ்வீட்டார்மேல் குற்றம் சொல்ல இடமில்லை. பேரன் இறகைக் காட்டிய பிறகு நிலைமை வேறு.

சிலம்பில் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லுமுன் வழியின் இடர்களை எடுத்துரைக்கும் இடம் உண்டு. அங்கே அவர் கள்வரையும் கொடுவிலங்கையும் பேசவில்லை. நீர்க்கரையில் நடக்கையில் காலடியில் நண்டும் நத்தையும் அறியாமல் நசுங்கிவிட்டால் அத்துன்பம் தாங்கவொண்ணாது என்று கவல்கிறார். தம் காலால் நேரக்கூடிய கேட்டையே வழியின் இடர் என்று எண்ணிய துறவி அவர்.

போளூரை அடுத்த திருமலைக்குச் செல்லாத தமிழ்ச் சமணக் குடும்பம் இராது. பாறையில் பதினாறு மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் நேமிநாதரை, சிகாமணிநாதர் என அழைத்துப் பணிந்து வருவோர், அவர் துறவு பூண்ட நிகழ்ச்சியையும் அறிவர். மணமகனாய்த் தேரில் வருகிறார். வழியில் அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்கிறது. எதற்காக இவை என்று வினவுகிறார். திருமண விருந்துக்கு என்று விடை வருகிறது. விலங்குகளை அடைக்க அவர் ஆணையிடவில்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது. 'இது என் செயலன்று' என்று சொல்லித் தேரை மேலே செலுத்தியிருக்கலாம்; உலகத்தார் ஒருவரும் குறை கூறியிரார். தெரிந்த அந்தக் கணத்திலேயே தேர் திரும்பியது. தம் பெயரால், தம் வாழ்வின் வசதிக்காக, தம் ஆணையின்றி நிகழ்வதும் தம்முடையதே என்று கொண்டார். சிறுவனின் கேள்விக்கு அவ்வூர்ப் பாறையிலேயே விடை நிற்கிறது.

ஒளியால் உயிர் மடிவது சமண இல்லங்களுக்குப் புதிய செய்தியும் இல்லை. இரவில் உண்ணாமை என்னும் ஒழுக்கத்துக்குப் பெரியோர் சொன்ன காரணங்களுள் ஒன்று விளக்கை நாடிப் பூச்சிகள் வந்து விழும் என்பது. விட்டிலுக்காகச் சூரியன் மறையுமுன் உண்டு முடித்த மரபு இது. அந்த மரபில் வந்தோர், இரவு முழுதும் எரியும் பேரொளியில் ஆறுமணிக் குருவி வந்து விழும் என்று கேட்டால் புரிந்துகொள்ள ஒரு நொடி போதும். அகல்விளக்கைப் பற்றி ஐயுற வேண்டா. அதன் சிறு சுடர் வானத்துப் பறவைக்கு ஒரு பொருட்டே அன்று. வானை நோக்கிப் பாய்ச்சும் வெள்விளக்குகளும், விடியவிடிய எரியும் வண்ணச் சரங்களும், ஆளில்லாத மாடிகளில் அணைக்காமல் விட்ட குழல்விளக்குகளுமே கேட்டின் வாயில்கள். சிகாகோக் கூடத்தில் நடந்த ஆய்வும் இதனையே காட்டியது: ஒளிரும் சாளரங்களைப் பாதியாகக் குறைத்தாலே மோதல் வெகுவாகக் குறையும்.

விளக்கணைப்பது விழாவுக்கு அழகா என்று கேட்போர் இருப்பர். சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்றொரு சிற்றூர். 2020ஆம் ஆண்டு அங்கே தெருவிளக்குகளை இயக்கும் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடுகட்டி முட்டையிட்டது. குஞ்சுகள் வெளியேறும்வரை ஏறக்குறைய நாற்பது நாள் அவ்வூரார் தெருவிளக்கே போடாமல் இருட்டில் நடந்தனர். அதே மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைப் புகலிடத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் சமணர் அல்லர். அணுவிரதம் ஏற்றவரும் அல்லர். கொல்லாமையைக் குலச்சொத்தாகக் கொண்டாடும் சமூகம் அவர்களைப் பார்த்துச் சற்றே நாணவேண்டியிருக்கிறது என்று சொன்னால் அவையோர் பொறுத்தருள்க.

செய்ய வேண்டியவை மிக எளியவை. புரட்டாசி நடுவிலிருந்து கார்த்திகைவரை, இரவு பத்து மணிக்குமேல் வெளிப்புற அலங்கார விளக்குகளை அணைத்தல் வேண்டும். பாதுகாப்புக்கு வேண்டிய விளக்கு இருந்தால் அதன் ஒளி தரையை நோக்கி இருக்கட்டும். உள்ளே விளக்கெரியும் அறைகளில் திரைச்சீலையை இழுத்துவிடலாம். ஆனால் பகலில் திரைச்சீலை பயன்படாது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் தெரியும் மரத்தின் நிழலை உள்ளே தொங்கும் துணி மறைப்பதில்லை. ஆகவே எதைச் செய்தாலும் வெளிப்புறத்தில் செய்ய வேண்டும். எல்லாவற்றினும் சிறந்தது கொசுவலை. சாளரத்துக்கு வெளியே சட்டம் அடித்துப் பொருத்திய வலை பறவைக்குக் கண்ணாடியை மறைக்கிறது, தப்பி வந்து மோதினாலும் மெத்தைபோல் தாங்குகிறது, கொசுவும் வராது. பருந்தின் உருவம் ஒன்றை வெட்டி நடுவில் ஒட்டினால் போதும் என்று நம்புவோர் உண்டு. அதனால் பயனில்லை, பருந்தை விலக்கி அதன் பக்கத்தில் போய் மோதும்.

வலை போட இயலாத பெரிய கண்ணாடிக்கு ஒரு வழி, தமிழ் மகளிர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக, மேலும் கீழும் பக்கமும் வரிசை தப்பாமல் வெண்புள்ளிகள் வைக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் தன்னால் நுழைய முடியாது என்று சிறு பறவை உணர்ந்து விலகிவிடும். இரண்டு அங்குலம் என்பது மேலைநாட்டு ஆய்வாளர் பலமுறை சோதித்துக் கண்ட அளவு. வாசலில் இருபத்தொரு புள்ளி வைத்து ஊடுபுள்ளி பிசகாமல் கோலம் இழைக்கும் கைகளுக்கு இது ஒரு வேலையா? அண்ணாந்து செய்ய வேண்டியிருப்பதால் தோள் வலிக்கும். ஏணியைப் பிடிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு குருவி வந்து மோதினால் மூதாட்டி என்ன செய்ய வேண்டும்? முதலில், அதன் வாயில் நீர் ஊற்றக் கூடாது. இரக்கத்தால் பலரும் செய்யும் பிழை இது. மயங்கிய பறவைக்கு நீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உணவும் வேண்டா. காற்றுத்துளை இட்ட அட்டைப்பெட்டியில் ஒரு மெல்லிய துணியை விரித்து அதனை வைத்து மூடி, பூனை அணுகாத, ஓசையற்ற, இருண்ட இடத்தில் விட்டுவிட வேண்டும். பேரன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கத் துடிப்பான், பார்க்கவிடலாகாது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்து பெட்டிக்குள் தத்தத் தொடங்கினால், கண்ணாடி இல்லாத பக்கமாக, மரமும் புதரும் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்து விலகி நிற்கவேண்டும். சிறகு தொங்கினாலோ எழ முடியாவிட்டாலோ வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அழகாயிருக்கிறதே என்று கூண்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். டெல்லிச் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திரில் பறவைகளுக்கென்றே மருத்துவமனை நடத்துகிறார்கள். சிறகொடிந்த புறாக்களை ஏந்திக்கொண்டு எல்லாச் சமயத்தாரும் அங்கே வருகிறார்கள். அத்தகைய மருத்துவமனை வேங்கிக்காலுக்கு இப்போதைக்கு எட்டாத கனவாக இருக்கலாம். அட்டைப்பெட்டி எல்லா வீட்டிலும் உண்டு.

புதிதாக வீடோ கூடமோ கட்ட எண்ணியிருப்போர் தச்சரிடமும் பொறியாளரிடமும் முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. முகப்பில் கண்ணாடியைக் குறைத்து, வைத்த சாளரத்துக்கு வெளியே கம்பியோ மரச்சட்டமோ வலையோ அமைத்தால் பின்னர் ஏணி தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே கட்டியவர்கள் புள்ளி வைக்கலாம். அரிசி மாவில் வைத்தால் எறும்பு தின்னும், ஐப்பசி மழை ஒரே நாளில் கரைத்துவிடும்; சுண்ணாம்பு சில வாரம் நிற்கும்; வெள்ளை வண்ணம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். சுண்ணாம்பில் வைப்போர் பங்குனியில் மறுபடி ஒருமுறை வைக்க வேண்டியிருக்கும். சித்திரையில் அதே குருவி அதே வழியாக வடக்கே திரும்பும்.